இடுப்பு ஆடும் பழைய ஜி.ஐ. ஜோ: ரப்பர் மாற்றினால் போதுமா, புது ஆறு இஞ்ச் வாங்கணுமா?

பரண்வாசி:

வணக்கம். ஃபன்ஸ்கூல் கம்பெனி இங்கே வார்த்த காலத்து ஜி.ஐ. ஜோ (அமெரிக்க ராணுவ வீரர்) பொம்மைகள் 14, பரணிலிருந்து இறங்கியிருக்கின்றன. எல்லாமே அந்த 3¾ இஞ்ச் சைஸ். நிலவரம் இது:

ஒன்பதுக்கு இடுப்பு தொளதொளவென்று ஆடுகிறது, நிற்க வைத்தால் மல்லாந்து விழுகிறது. இரண்டு, இடுப்போடு கழன்று மேல்பாதி கீழ்பாதியாகக் கிடக்கின்றன. உள்ளேயிருந்து கறுப்பு ரப்பர் துணுக்குகள் உதிர்கின்றன. மூன்றுக்குக் கட்டைவிரல் இல்லை. வெள்ளை நிஞ்சா ஸ்டார்ம் ஷேடோ, வெள்ளையடித்துப் பத்து வருஷமான சுவர் நிறத்துக்கு வந்துவிட்டான். துப்பாக்கி, முதுகுப்பை எல்லாம் ஒரு கண்ணாடிக் கவரில் கட்டியிருந்தது. இப்போது கவரும் பிசுபிசு, துப்பாக்கியும் பிசுபிசு.

கேள்வி மூன்று. இடுப்பு ரப்பர் என்ன அளவு, பிளம்பிங் கடை ஓ-ரிங் (ரப்பர் வளையம்) சரிவருமா? பழுப்பேறிய வெள்ளை திரும்புமா? கடைசியாக, இப்போது வரும் ஆறு இஞ்ச் ஜோவைக் கையில் எடுத்தால் பேரும் உடுப்பும் அதே, ஆனால் பொம்மை வேறு ஏதோ மாதிரி இருக்கிறதே, அது ஏன்? சின்ன சைஸ் நின்றேவிட்டதா?

விற்கும் எண்ணம் இல்லை. அலமாரியில் நிற்க வேண்டும், எட்டு வயதுப் பெண் எடுத்து விளையாடினால் உடையக்கூடாது. அவ்வளவுதான்.

சின்னத்திருகு:

சார், பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை, ரப்பருக்குத்தான் ஆயுசு முடிந்திருக்கிறது. 14க்கும் மாற்றிவிடுங்கள். ஆடாத மூன்றிலும் ரப்பர் அதே வயசுதான், இன்றில்லாவிட்டால் அடுத்த கோடையில் போகும்.

உள்ளே நடப்பது இதுதான். இரண்டு தொடைகளின் உருண்டைத் தலையையும் ‘டி’ வடிவ உலோகக் கொக்கி ஒன்று சேர்த்துப் பிடிக்கிறது. கொக்கியின் நடுக்கம்பி இடுப்புத் துண்டின் ஓட்டை வழியாக மேலே வரும். அதில் ஓ-ரிங் மாட்டியிருக்கும். ரிங்கின் மறுபக்கம் நெஞ்சுக்குள், முதுகுத் திருகு ஏறும் தூணில் மாட்டியிருக்கும். அந்த ஒரே ரிங்கின் இழுவையில்தான் கால், இடுப்பு, மேலுடம்பு மூன்றும் சேர்ந்து நிற்கின்றன.

அளவு: உள்விட்டம் சுமார் 11 மி.மீ., ரிங்கின் தடிமன் சுமார் 2.4 மி.மீ. இஞ்சில் கேட்பதானால் 7/16, 3/32. பிளம்பிங் கடையில் குழாய்க்குக் கிடைக்கும், ஆனால் அங்கே ‘கிட்டத்தட்ட’ அளவுதான் கொடுப்பார்கள். ஹைட்ராலிக் சீல் அல்லது பம்ப் ரிப்பேர் சாமான் விற்கும் கடையில் கேட்டால் அளவு சொல்லி வாங்கலாம். நைட்ரைல் என்று கேளுங்கள், அது ஒருவகைச் செயற்கை ரப்பர். கறுப்பாக இருக்கும், சில்லறை விலைதான். சிலிகான் ரிங் நன்றாக இழுபடும், ஆனால் சின்னக் கீறல் பட்டால் அங்கேயே கிழியும். கொக்கியின் முனை கீறாமல் விடாது. முதலில் நாலு வாங்கி ஒரு பொம்மையில் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு இரண்டு டஜன் வாங்குங்கள்.

வேலை: ஓரம் உயர்ந்த தட்டில் வெள்ளைத் துண்டு விரித்துக்கொள்ளுங்கள். கொக்கி துள்ளி விழுந்தால் மொசைக் தரையில் தேடிக் கிடைக்காது. பொம்மையைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகிலுள்ள ஒற்றைத் திருகை ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் எடுக்க வேண்டும். நைஸ் சைஸ் போதும், பெரும்பாலும் பூஜ்யம் நம்பர் உட்காரும். முனை ஆடாமல் உட்கார்கிறதா என்று பார்த்துவிட்டு, முக்கால் பங்கு பலத்தை அழுத்தவும் கால் பங்கைத் திருப்பவும் செலவழியுங்கள். தலை மழுங்கிய திருகாக இருந்தால், மெல்லிய ரப்பர் பேண்டைத் திருகுக்கும் டிரைவருக்கும் நடுவே வைத்து அழுத்தித் திருப்பினால் பிடி கிடைக்கும். துரு எடுக்கும் ஸ்ப்ரேயை முதுகில் அடிக்காதீர்கள், பிளாஸ்டிக்கில் மயிரிழை வெடிப்பு வரும். ஊசி முனையில் தொட்டு ஒரு புள்ளி வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

முதுகுப் பாதி கழன்றதும் கைகளும் தலையும் தாமாக வந்துவிடும். எது இடது, எது வலது என்று கழற்றுவதற்கு முன்பே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பழைய ரப்பர் தார் மாதிரி ஒட்டியிருந்தால் உட்பக்கத்தை மட்டும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட காது பஞ்சுக் குச்சியால் துடைக்கலாம். கொக்கி துருப்பிடித்திருந்தால் 400 நம்பர் உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்துத் துடைத்துவிடுங்கள். சொரசொரப்பை அப்படியே விட்டால் புது ரிங்கை அதுவே அறுத்துவிடும்.

பூட்டும்போது: கொக்கியின் கிடைக்கம்பியை இரண்டு தொடைத் தலைக்குள்ளும் செருகுங்கள். ரிங்கைக் கொக்கியில் மாட்டி, ரிங்குக்குள் ஒரு முழம் தையல் நூலை இரட்டையாகக் கோத்துக்கொள்ளுங்கள். நூலை இடுப்புத் துண்டின் ஓட்டை வழியே மேலே இழுத்தால் ரிங்கும் கொக்கியும் பின்னாலேயே வரும், தொடைத் தலை இரண்டும் குழியில் உட்காரும். நூலைப் பிடித்தபடியே ரிங்கை நெஞ்சுத் தூணில் மாட்டிவிட்டு நூலை உருவிவிடுங்கள். ட்வீசரால் இழுத்தால் பத்தில் மூன்று ரிங் கீறிவிடும், நூல் அதைச் செய்யாது. பிறகு தலை, கைகள், முதுகு மூடி.

திருகு போடும்போது முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுற்றுங்கள். ‘டிக்’ என்று ஒரு இடத்தில் இறங்கும். அதுதான் பழைய மரை. அங்கிருந்து முறுக்கினால் மரை கெடாது. எடுத்த எடுப்பில் முறுக்கினால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டும். இரண்டு மூன்று தடவை அப்படி ஆனால் தூண் பொத்தல்தான். மூடி சேர்ந்ததும் நிறுத்துங்கள், அதற்கு மேல் ஒரு சுற்று போட்டாலும் தோள் இறுகிக் கை தூக்க வராது.

தகரப்பெட்டி:

மேலே சொன்னது எல்லாம் சரி. கட்டைவிரலைப் பற்றி நான் சொல்கிறேன்.

உடைந்த விரலை ஒட்டாதீர்கள். ஒட்டுமிடம் அரிசி முனை அளவுகூட இருக்காது. ஃபெவிகுவிக் பிடித்த மாதிரி தோன்றும், முதல் துப்பாக்கியிலேயே போய்விடும், கூடவே வெள்ளைப் புகைப்படலம் உள்ளங்கை முழுக்கப் படியும். சரியான வழி கையையே மாற்றுவது. அதே அச்சு, அதே நிறம் உள்ள ஓட்டை உடைசல் பொம்மை ஒன்றைப் பாகத்துக்காக வாங்கி, முதுகுத் திருகைக் கழற்றித் தோளோடு முழுக்கையை மாற்றுங்கள். முழங்கையைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக ஆணியை, அதாவது ரிவெட்டை, தொடவே வேண்டாம்.

இருக்கும் விரல்களைக் காப்பாற்றுவதுதான் முக்கியம். விரல் உடைவதற்கு முக்கியக் காரணம், வேறு பொம்மையின் தடித்த கைப்பிடியை உள்ளே திணிப்பது. குளித்தால் சுடுகிறது என்று கையை இழுத்துக்கொள்வோமே, அந்தச் சூட்டுத் தண்ணீரில் கையை மட்டும் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, விரலை விரிக்காமல் துப்பாக்கியைப் பக்கவாட்டில் நழுவவிடுங்கள். கொதிக்கும் தண்ணீர் கூடாது, பெயிண்ட் உப்பும். பெண் விளையாடப் போகிறாள் என்றால் ஆயுதத்தைக் கையில் நிரந்தரமாக வைக்காமல் முதுகுப்பையோடு வைத்துவிடுங்கள்.

இன்னொன்று உடையும் இடம், இரண்டு காலுக்கும் நடுவே இடுப்புத் துண்டில் இருக்கும் சன்னமான பாலம். தடித்த ரிங் போட்டுக் காலை அகட்டினால் முதலில் போவது அதுதான். போனால் ஒட்டி நிற்காது, பாகம் தேட வேண்டியதுதான்.

பிசுபிசுப்பு: அந்தக் கண்ணாடிக் கவர் பிவிசி. பிவிசியை வளைந்துகொடுக்க வைக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் வருஷக்கணக்கில் வெளியே கசியும், பக்கத்திலுள்ள கடினப் பிளாஸ்டிக்கையும் இளக்கும். பரண் சூடு அதை வேகப்படுத்தியிருக்கும். கவரைத் தூக்கிப்போடுங்கள். சாமான்களை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, குழந்தைகள் பல் தேய்க்கும் சாஃப்ட் பிரஷால் தேயுங்கள். பெயிண்ட் உள்ள இடத்தில் பிரஷ்கூட வேண்டாம், விரல் போதும். பழைய பெயிண்ட் லேசாக உரிந்துவிடக்கூடும். தின்னர், அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. பவுடர் போட்டுப் பிசுபிசுப்பை மறைக்காதீர்கள், பவுடர் பசையாகி மடிப்புகளில் இறுகிவிடும்.

கழுவிய பிறகு ஃபேன் காற்றில் ஒரு முழு நாள். முட்டியிலும் முழங்கையிலும் உலோக ரிவெட் இருக்கிறது, உள்ளே ஈரம் நின்றால் துரு கசிந்து தோல் நிறத்தில் கறை இறங்கும்.

வைப்பதற்கு பாலித்தீன் ஜிப் கவர், அல்லது அடியில் ‘பிபி’ என்று அச்சிட்ட டப்பா. ஒரு டப்பாவுக்கு 5 கிராம் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். இதைச் சொல்லாமல் விட்டால் பாவம்: பாச்சை உருண்டை போட்ட பீரோவில் பொம்மையை வைக்கவே வைக்காதீர்கள். அந்த ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பட்டுப்புடவைக்கு நல்லது பொம்மைக்கு எமன்.

பெண்ணுக்கு எட்டு வயது என்பதால் பரவாயில்லை. வீட்டில் எதையும் வாயில் வைக்கும் சின்னக் குழந்தை இருந்தால் இவற்றைக் கொடுக்க வேண்டாம். பழைய பெயிண்டில் என்ன கலந்திருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது, துப்பாக்கியெல்லாம் தொண்டைக்குள் போகும் சைஸ்.

வெயில்காயும்வெள்ளை:

ஸ்டார்ம் ஷேடோவுக்கு: ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலும் சேர்ந்தால் பழுப்பு இறங்கும். சலூன் சாமான் கடையில் முடிச் சாயத்தோடு கலக்கும் டெவலப்பர் க்ரீம் கிடைக்கும். 20 வால்யூம் என்றால் 6 சதவீதம் பெராக்சைடு, 40 வால்யூம் என்றால் 12 சதவீதம். பொம்மைக்கு 20 போதும். கையுறை கட்டாயம். பொம்மையை முழுக்கக் கழற்றி, க்ரீமை பிரஷால் ஒரே சீராகப் பூசி, கிளிங் ஃபிலிமில் சுற்றி வெயிலில் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை திருப்பி, காய்ந்த இடத்தில் மறுபடி பூசுங்கள். நம் ஊர் ஏப்ரல் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே வித்தியாசம் தெரியும்.

கெட்டுப்போகும் விதம்: க்ரீம் ஒரு இடத்தில் திட்டாக நின்றால் அங்கே மட்டும் சுண்ணாம்பு வெள்ளை, பளிங்கு மாதிரி வரிவரியாக விழும். அது திரும்பாது. கறுப்புத் தார் போட்ட மொட்டைமாடித் தரைமேல் வைத்தால் கை வளைந்துவிடும்.

தகரப்பெட்டி:

க்ரீம் கணக்கு சரி. ஆனால் இந்தப் பொம்மைக்கு நான் வேண்டாம் என்பேன். ரிவெட்டைக் கழற்ற முடியாது, பெராக்சைடு பட்டால் அது துருப்பிடிக்கும். வலது முன்கையில் இருக்கும் சிவப்புக் குலச்சின்னம்தான் அந்தப் பொம்மைக்கே அடையாளம். மங்கினால் போச்சு. அதோடு, வெளுத்தது வெளுத்தபடி நிற்பதில்லை. பிளாஸ்டிக்குக்குள் நடக்கும் மாற்றம் நடந்துகொண்டேதான் இருக்கும், சில வருஷத்தில் மறுபடி பழுப்பேறும்.

வெயில்காயும்வெள்ளை:

ரிவெட் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் நெஞ்சு, முதுகு ஓடுகள் இரண்டை மட்டும் செய்யலாம், அவற்றில் உலோகம் இல்லை. ஆனால் உடம்பு வெள்ளை, கைகால் பழுப்பு என்று ஆகும். எது கண்ணுக்குக் குறைவாக உறுத்துகிறதோ அதைப் பரண்வாசி முடிவு செய்யட்டும்.

அட்டைப்பின்புறம்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பேரும் உடுப்பும் அதே, பொம்மை வேறு மாதிரி இருப்பதற்குக் காரணம் மூட்டு. மேலே சின்னத்திருகு சொன்னதைக் கவனியுங்கள்: பழைய பொம்மை இழுவையில் நிற்கிறது. புதியது உராய்வில் நிற்கிறது. பழையதன் இடுப்பைத் திருப்பிக் கையை விட்டால் ரப்பர் லேசாகத் திரும்ப இழுக்கும். அந்த இழுப்பைத்தான் விரல் நினைவு வைத்திருக்கிறது. புதியதில் ஒவ்வொரு மூட்டும் தனித்தனியாக இறுக்கம், வைத்த இடத்தில் நிற்கும், திரும்ப இழுக்காது.

வரிசையாகச் சொன்னால் தெளிவாகும். 1964இல் அமெரிக்கப் பொம்மைக் கம்பெனி ஹாஸ்ப்ரோ முதன்முதலில் விட்ட ஜி.ஐ. ஜோ 12 இஞ்ச், துணி உடுப்பு போட்டது. எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறி பிளாஸ்டிக் செலவு கூடியது. அதற்குள் கென்னர் கம்பெனியின் ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் 3¾ இஞ்சில் வந்து, சின்னப் பொம்மையும் பெரிய வண்டியும் விற்கும் என்று காட்டிவிட்டன. 1982இல் ஜோவும் 3¾ இஞ்சாக வந்தது. ஆனால் ஸ்டார் வார்ஸ் பொம்மைக்கு முட்டி மடங்காது, ஜோவுக்கு முட்டி, முழங்கை, இடுப்பு எல்லாம் மடங்கும். முட்டியும் முழங்கையும் ரிவெட்டில் மடங்கின, இடுப்பை ஆட விட்டது அந்தக் கறுப்பு ரப்பர் வளையம்தான்.

முதல் வருஷக் கை நேராகத்தான் இருக்கும். 1983இல் முழங்கைக்கு மேலே சுழலும் மூட்டு வந்தது, துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடிக்க முடிந்தது. 1985இல் கழுத்து உருண்டை மூட்டாக மாறியது, அதற்கு முன் தலை இடவலம் மட்டும்தான் திரும்பும். உங்கள் 14இல் எது எந்தக் காலத்து அச்சு என்று தலையை நிமிர்த்திப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சிக்கனம் எப்படி அழகாகும் என்பதற்கு 1982 ஸ்நேக் ஐஸ் ஒன்று போதும். பெயிண்ட் செலவை மிச்சம் பிடிக்க ஒரு பொம்மையைக் கறுப்பு பிளாஸ்டிக்கிலேயே வார்த்து, ஒரு சொட்டு வண்ணமும் பூசாமல் விட்டார்கள். கடைசியில் வரிசையிலேயே பெரிய ஆள் அவன்தான். அட்டையின் பின்னால் வெட்டியெடுக்கும் ஆள்விவரக் குறிப்புகளை மார்வெல் காமிக்ஸில் ஜோ எழுதிய லாரி ஹாமா எழுதினார். பேர், ஊர், ராணுவ வேலை, குணம் எல்லாம் அதில் இருக்கும். அட்டையைத் தூக்கி எறியாமல் இருந்தவர் கொடுத்துவைத்தவர்.

தொண்ணூறுகளில் கண்ணைப் பறிக்கும் பச்சை, ஆரஞ்சு வந்தது, ஸ்பிரிங் உதை உதைக்கும் நிஞ்ஜா ஃபோர்ஸ் வந்தது, விண்வெளி உடுப்பு வந்தது. 1994இல் வரிசை நின்றது. 2005இல் சிக்மா 6 என்று 8 இஞ்சில் ஒரு முயற்சி நடந்தது. 2007இல் 25ஆம் ஆண்டு வரிசை 3¾ இஞ்ச் அளவுக்கே திரும்பியது, ஆனால் ஓ-ரிங் இல்லை. நெஞ்சில் ஒரு மூட்டு, கணுக்காலில் ஒரு மூட்டு, முட்டியில் இரட்டை மடிப்பு. போட்டோ எடுக்க அருமை, உட்காரவைத்தால் பழைய வண்டிகளில் சிலதில் இடிக்கும். 2020இல் கிளாசிஃபைட் சீரிஸ், 6 இஞ்ச். இப்போது கடையில் நீங்கள் பார்ப்பது அதுதான்.

ஆறு இஞ்சுக்கு ஏன் போனார்கள்? வாங்குபவன் பத்து வயதுப் பையன் இல்லை, அந்தப் பையன் வளர்ந்து சம்பளம் வாங்கும் ஆள். மற்ற கம்பெனி சூப்பர்ஹீரோ பொம்மைகளும் ஆறு இஞ்சில் வருகின்றன, ஒரே அலமாரியில் பக்கத்தில் நிற்க வேண்டும். இழப்பு எங்கே என்றால் வண்டியில். 1985இல் வந்த யு.எஸ்.எஸ். ஃப்ளாக் விமானந்தாங்கிக் கப்பல் ஏழரை அடி நீளம். அதையே ஆறு இஞ்ச் ஆளுக்குச் செய்தால் 12 அடி, நம் ஊர் ஃப்ளாட்டில் படுக்கையறையே அவ்வளவு இருக்காது. அதனால்தான் ஆறு இஞ்ச் அளவில் பெரிய வண்டி வேண்டுமென்றால், 2022இல் ஹிஸ் டாங்குக்குச் செய்த மாதிரி, முன்பணம் கட்டும் ஆள் எண்ணிக்கை சேர்ந்த பிறகே தயாரிக்கிறார்கள்.

சின்ன சைஸ் அடியோடு நிற்கவில்லை. 2021இல் அதே முன்பதிவு முறையில் ஸ்கைஸ்ட்ரைக்கர் விமானம் வந்தபோது உள்ளே உட்கார ஓ-ரிங் ஆட்களையே கொடுத்தார்கள். ரப்பரைத் தேடி அவர்களே திரும்பி வந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஃபன்ஸ்கூல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இடுப்பின் பின்புறமோ காலிலோ பொறித்திருக்கும் வருஷம், அச்சுக்கு உரிமை எடுத்த வருஷம். பொம்மை வார்த்த வருஷம் இல்லை. பொம்மை அச்சு என்பது எஃகுக் கட்டி. ஹாஸ்ப்ரோ அமெரிக்காவில் விற்று முடித்த அச்சுகள் ஊர் ஊராகப் போயின. பிரேசிலில் எஸ்ட்ரெலா கம்பெனி ‘கொமாண்டோஸ் எம் அசாவ்’ என்ற பேரில் வார்த்தது. இங்கே எம்.ஆர்.எஃப்.பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து தொடங்கிய, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் வார்த்தது. அச்சு அதே, பிளாஸ்டிக் நிறமும் பெயிண்டும் உள்ளூர்த் தேர்வு. அதனால்தான் அமெரிக்கப் படப்பட்டியலில் பச்சையாக இருப்பவன் உங்கள் கையில் நீலமாக இருக்கலாம். அது போலி இல்லை. அந்த நிறத்துக்காகவே வெளிநாட்டுக் கலெக்டர்கள் 2000க்குப் பிறகு ஃபன்ஸ்கூலைத் தேடி வாங்கினார்கள். (டயர் கம்பெனிக் குடும்பத்தில் பிறந்த பொம்மைக்கும் முதலில் போவது ரப்பர்தான். உலகத்தில் எங்கே வார்த்த ஜோவுக்கும் இதே கதி, சிரிக்கத்தான் சொன்னேன்.)

சேர்த்துச் சொல்கிறேன், அப்போது நம் வீடுகளில் இருந்த ஹீ-மேன் பொம்மைக்கு இதே சிகிச்சை நடக்காது. அது 5½ இஞ்ச், காலைப் பிடிக்கும் ரப்பர் வேறு மாதிரி, இடுப்பில் ஸ்பிரிங். உடம்பு திருகால் மூடியதில்லை, ஒட்டியது. பிளந்தால் திரும்பச் சேராது.

பரண்வாசி:

அனைவருக்கும் நன்றி. நைட்ரைல் ரிங் வாங்கி மூன்று பொம்மை முடிந்தது. இரண்டு ஜம்மென்று நிற்கின்றன. மூன்றாவதற்கு விலாப்பக்கம் நகக்கண் அளவு இடைவெளி, மூடி சேரவே மாட்டேன் என்கிறது. திருகை இன்னும் முறுக்கலாமா?

சின்னத்திருகு:

முறுக்காதீர்கள் சார், தூண் வெடிக்கும். இடைவெளிக்கு மூன்று காரணம்தான் இருக்க முடியும், இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் தோள். கையின் தோள்தட்டு ஓட்டின் பள்ளத்தில் முழுசாக உட்காராமல் விளிம்பில் ஏறி நிற்கும். இடைவெளி விலாப்பக்கம் என்கிறீர்கள், எனக்கு இதுதான் சந்தேகம். திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, இரண்டு கையையும் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே ஓட்டை அமுக்குங்கள், தானாக இறங்கும்.

அது இல்லையென்றால் ரிங் தூணில் முறுக்கிக்கொண்டு ஓட்டின் விளிம்பில் மாட்டியிருக்கும். திறந்து எட்டு மாதிரி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டும் இல்லையென்றால் அந்த ஒரு ரிங் தடிமன் கூட. கடையில் வேறு அளவு கலந்து போட்டிருப்பார்கள். மூன்று ரிங்கையும் மேசையில் படுக்கவைத்துப் பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள், அரை மி.மீ. வித்தியாசம்கூடத் தெரியும்.

சரியாகப் பூட்டியதற்கு அடையாளம்: மேலுடம்பைப் பிடித்துத் தூக்கினால் இடுப்பில் வெளிச்சம் தெரியக்கூடாது, கால் மடக்கி உட்காரவைத்தால் பின்னால் உதைக்கக்கூடாது. உதைத்தால் ரிங் சின்னது, மாற்றிவிடுங்கள். கால் நடுப்பாலம் உடைவது அப்படித்தான்.

பரண்வாசி:

தோள்தான். ஆட்டியதும் ‘டொக்’ என்று உட்கார்ந்துவிட்டது. ஸ்டார்ம் ஷேடோவை வெளுக்கவில்லை, ரப்பர் மட்டும் மாற்றினேன். பெண்ணுக்கு கிளாசிஃபைட் ஒன்று வாங்கலாமா என்று யோசனை. இங்கே விலை ஏன் இப்படி இருக்கிறது?

அட்டைப்பின்புறம்:

வரிதான் முக்கியக் காரணம். இறக்குமதிப் பொம்மைக்குச் சுங்கவரி 20 சதவீதமாக இருந்தது, 2020 பட்ஜெட்டில் 60 ஆனது, 2023இல் 70. அதற்கு மேல் 2021 ஜனவரி முதல் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை கட்டாயம், எல்லா வரிசையையும் அந்தச் சோதனைக்கு யாரும் கொண்டுவருவதில்லை. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தால் பொம்மை விலையோடு நிற்காது, சுங்கக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

வாங்கினால் பெட்டியைத் திறந்ததும் எந்த மூட்டையும் பலமாகத் திருப்பாதீர்கள். பெயிண்ட் உள்ளே இறங்கி மூட்டு ஒட்டியிருக்கும். தகரப்பெட்டி சொன்ன அதே சூட்டுத் தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்து, மடங்கும் திசை எது என்று பார்த்துக்கொண்டு மெல்ல அசைத்தால் விடும். வறட்டில் திருப்பினால் முட்டி அச்சு முறுகும். இதற்குள் மாற்ற ஓ-ரிங்கும் கிடையாது, கழற்ற முதுகுத் திருகும் கிடையாது.

தகரப்பெட்டி:

பழைய ஃபன்ஸ்கூலே இன்னும் இரண்டு வாங்குவதானால், விற்பவரிடம் முதுகுத் திருகைக் கிட்டத்தில் போட்டோ கேளுங்கள். திருகின் தலை பளபளவென்று கீறியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தது தப்பில்லை, ஆனால் கையும் காலும் அதே ஆளுடையதா என்று பார்க்க வேண்டும். அடுத்த போட்டோ இரண்டு உள்ளங்கையும், அதற்கடுத்தது காலை அகட்டி நடுப்பாலம். இந்த மூன்றையும் அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

மீதி ரிங்குகளைப் பரணில் போட்டுவிடாதீர்கள், வெளிச்சம் படாத டப்பாவில் இழுக்காமல் மடிக்காமல் வையுங்கள். 14 பொம்மைக்கு அடுத்த சுற்று மாற்றும்போது வேண்டியிருக்கும்.